மஞ்சள் தாளில் ஏழாவது கேள்வி

'படுக்கப் படுக்கப் பாய் ஒட்டும்' என்று எங்கள் பெரியப்பா சொல்வார், அண்ணாச்சி. அதற்குப் பின்னால் இன்னொரு பாதி உண்டாம். அவர் அதைச் சொல்லிக் கேட்டதாக எவ்வளவு யோசித்தும் நினைவு வரமாட்டேன் என்கிறது. முன்பாதி மட்டும் நன்றாகத் தங்கிவிட்டது. நமக்குத் தோதான பாதிதானே தங்கும்.

பேனா கேட்டீர்கள். இருக்கிறது, தருகிறேன். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மடியில் இருக்கிற மஞ்சள் தாளைப் பார்த்ததால்தான் வாயைத் திறந்தேன். முதல் தடவையா? கோவில்பட்டியா? மகளுக்கா? காய்ச்சல் போய் எட்டு மாதமா? உள்ளே இரத்தம் எடுக்கக் கூட்டிப் போயிருக்கிறார்களா, அப்படியென்றால் அரை மணி ஆகும். போய்ப் பார்க்க வேண்டாம், அவர்களே கூப்பிடுவார்கள். உட்காருங்கள். எங்களுக்கு டோக்கன் பதினேழு. இப்போது பதினொன்றுதான் போயிருக்கிறது.

வெளியே போர்டில் நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். அதை யாரும் சொல்வதில்லை. ஆட்டோக்காரரிடம் 'அசதி ஓ.பி.' என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவார். புதன்கிழமை மட்டும்தான். அந்தப் பச்சைத் திரை போட்ட அறை தெரிகிறதா? உள்ளே ஆறு கட்டில். உட்கார்ந்து காத்திருந்தாலே சிலருக்கு உடம்பு போய்விடும் என்று, இங்கே படுத்துக்கொண்டே காத்திருக்க விடுகிறார்கள். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன ஆஸ்பத்திரியா, சத்திரமா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். இன்றைக்கு என் மனைவி அங்கேதான் மூன்றாவது கட்டிலில் படுத்திருக்கிறாள். பெயர் உலகம்மை. கல்லிடைக்குறிச்சியில் பள்ளிக்கூட டீச்சர். நாலாம் வகுப்பு.

வெள்ளைத் தாள் நோயாளிக்கு, மஞ்சள் தாள் கூட வந்தவருக்கு. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். உங்களுக்கும் சொல்லியிருப்பார்களே. எனக்கும் சொன்னார்கள். நான் அதைக் கேட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? சரிதான், இவர்களும் என்னைப் போலத்தான், ஆளை நம்புவதில்லை என்று நினைத்தேன்.

நான் யார் என்று சொல்லவில்லையே. மஸ்கட் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் கேம்ப் பாஸாக இருந்தேன். நானூறு பேர் தங்குகிற லேபர் கேம்ப். காலை நாலரைக்கு பஸ் கிளம்பும். யாராவது உடம்பு சரியில்லை என்றால் அறைக்குப் போய்ப் பார்த்து, அவனுக்கு லீவு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது என் வேலை. கையில் தெர்மாமீட்டர் இருக்கும். காய்ச்சல் இருந்தால் கட்டில், இல்லாவிட்டால் பஸ். அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு காய்ச்சல் காட்டுகிறவனை எல்லாம் பார்த்திருக்கிறேன். என் சாவிக்கொத்துச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே போதும், முழங்கையை ஊன்றி எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதை ஒரு பெருமையாக லீவில் வரும்போதெல்லாம் இவளிடம் சொல்வேன். நிஜாமாபாத்காரர் ஒருவர், எல்லையா என்று பெயர், மூன்று நாளாகக் கால் மரத்துப் போகிறது என்றார். காய்ச்சல் இல்லை. அனுப்பினேன். அதை விடுங்கள், அது வேறு கதை.

பத்தொன்பது வருஷத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் உலகுவோடு நான் இருந்தது இரண்டு வருஷம் இருக்கும். மற்றதெல்லாம் போன். குரலில் தெம்பாகத்தான் இருப்பாள். நான் ஊருக்குத் திரும்பி வந்த வருஷம்தான் அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, டீச்சருக்கும் வந்தது. பத்து நாள். பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடிவிட்டார்கள். இவள் எழவில்லை. எழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பாள், படித்தது மனதில் நிற்கவில்லை என்பாள், குளித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் படுப்பாள். நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆமாம், அங்கிருந்து கொண்டு வந்திருந்தேன். காய்ச்சல் இல்லை.

அப்புறம் என்ன? கட்டிலா, பஸ்ஸா?

காய்ச்சல் போன ஏழாவது மாதம் அவளுடைய தலைமையாசிரியை சொல்லித்தான் இங்கே வந்தோம். மஞ்சள் தாளை என்னிடம் கொடுத்தார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்வி இருக்கும், எதில் வேண்டுமானாலும் எழுதலாம். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அங்கே மேனேஜர்களே ரிப்போர்ட் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள் என்று எழுதினேன். மூன்று வேளையும் சூடாகச் சாப்பிடுகிறேனே, கண்ணால் கண்டதைத்தானே எழுத வேண்டும். மேற்பார்வை இல்லாத நேரத்தில் படுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு என்றும் எழுதினேன்.

ஏழாவது கேள்வியைப் பாருங்கள். உங்கள் தாளில், அதோ அந்தப் பெட்டி. 'வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக வேலை செய்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் நோயாளி எப்படி இருக்கிறார்?' அதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய பெட்டி என்று நீங்கள் யோசித்தீர்களா? நான் யோசிக்கவில்லை. 'இயல்பாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் படுத்துத்தான் கிடந்தாள். ஆனால் படுத்துக் கிடப்பதுதான் அவளுடைய இயல்பு என்று அப்போது எனக்கு நினைப்பு. அதைப் பொய் என்று நினைத்து எழுதவில்லை, அண்ணாச்சி. அதை மட்டும் நம்புங்கள்.

கடைசியில் தொடர்பு எண் கேட்டிருந்தார்கள். என் எண்ணைப் போட்டேன்.

இங்கே இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். மறுநாள் விழுந்துவிடுகிறவர்களை நடக்க விடமாட்டார்கள். அவர்களுக்கு அளந்து அளந்து ஓய்வுதான், அசதி வருவதற்கு முன்னாலேயே படுத்துவிட வேண்டும். மறுநாளும் இயல்பாக இருக்கிறவர்கள் என்றால் உடம்பு வெறும் பழக்கம் விட்டுப் போயிருக்கிறது, வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக் கூட்டி நடக்கலாம். இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் கூட இருந்து பார்த்தவர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வார்களாம். என் தாளை வைத்து உலகுவை நடக்கிறவர்கள் பக்கம் போட்டார்கள். நிற்க வைத்து நாடி பார்க்கிற ஒரு சோதனை உண்டு, இயல்பாக இருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

நடக்கத் தொடங்கினோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போவேன். கன்னடியன் கால்வாய் ஓரமாகப் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து. காலையில் எழுப்பும்போதே பெரியப்பாவின் சொல்லைச் சொல்லித்தான் எழுப்புவேன். ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "முழுசையும் சொல்லுங்க. படுக்கப் படுக்கப் பாய் ஒட்டும், ஓட்ட ஓட்ட மாடு விழும்."

"அப்படியா சொல்வாரு பெரியப்பா?"

"நம்ம கல்யாணத்துக்கு வந்தப்ப சொன்னாரு. நீங்க பந்தியில நின்னீங்க."

அவர் சொன்னதா, இவளே கட்டிச் சொன்னதா, இன்றுவரை தெரியாது. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். "டீச்சர்ல, உனக்குச் சொல்லியா தரணும், நட" என்றேன்.

இதற்கு நடுவில் திங்கள்கிழமைதோறும் பதினொரு மணிக்கு இங்கிருந்து போன் வரும். சகாயமேரி சிஸ்டர். அதோ, டோக்கன் கூப்பிடுகிறாரே, கண்ணாடி போட்டவர், அவர்தான். நல்ல மனுஷி. "அம்மா எப்படி இருக்காங்க சார்? நடந்த மறுநாள் கஷ்டப்படுறாங்களா?" என்று கேட்பார். உலகு அந்த நேரம் கண்ணில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். வெளிச்சம் ஆகாது. ஜன்னலை எல்லாம் சாத்தச் சொல்வாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்காங்க சிஸ்டர், ஒரு தொந்தரவும் இல்ல" என்பேன். கஷ்டப்படுகிறாள் என்றால் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் பாய் ஒட்டிக்கொள்ளும். அவள் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு வாரத்துக்குத்தான் அந்த போன், ஆறு திங்கள்கிழமை. நாலாவது திங்கள்கிழமை துண்டை எடுக்காமலே கேட்டாள், "யாருங்க போன்ல?"

"பேங்க்ல இருந்து" என்றேன்.

பாருங்கள், அந்த ஒரு சொல்தான். தாளில் எழுதியதற்குக்கூடச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்றால் பேங்க் என்று ஏன் சொன்னேன்? ஆஸ்பத்திரியில் இருந்து என்று சொல்ல வாய் ஏன் வரவில்லை? அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது. எங்கேயோ தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பன்னிரண்டா கூப்பிட்டார்? சரி, நேரம் இருக்கிறது.

அந்த நாட்களில் இன்னொன்று நடந்தது, சின்ன விஷயம். எங்கள் வீட்டு இரும்புக் கேட் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சிடும். ஒரு நாள் எண்ணெய் போடப் போனேன். உலகு வாசலுக்கே வந்து தடுத்தாள். "வேண்டாம்ங்க, அது அப்படியே இருக்கட்டும். ஆள் வந்தா தெரியும்."

"இந்தத் தெருவுக்குள்ள என்னை விட்டா எவன் வாரான்?"

"இருக்கட்டும்ங்க."

ஏதோ சகுனம் பார்க்கிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரம், முப்பத்தைந்து நிமிடம். பாலத்துக்கு முன்னால் சுடலை என்பவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர் மேல் உலகு உட்கார்ந்துவிட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், இன்னும் பதினொரு நிமிடம் பாக்கி. "எந்திரி, நாலு பேர் பாக்காங்க" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கால் என் பேச்சைக் கேக்கலங்க" என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. சுடலைதான் குறடைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, டீச்சர் முகம் வெளிறிக் கெடக்கு, நீங்க வாட்சைப் பாத்துக்கிட்டு நிக்கீங்க!" என்று கேட்டார். லோடு ஆட்டோ பிடித்தது அவர், தூக்கி வைத்ததும் அவரும் அவர் மனைவியும். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். தெருவில் கேட்டவர்களிடம் தடுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன்.

மூன்று மாதம் படுக்கை. சீப்பைத் தூக்க முடியாது. ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்குப் பத்து நிமிடம் ஆகும். நான் சமைக்க ஆரம்பித்தேன். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ குக்கரை எடுக்க மேடைக்கு அடியில் கையை விட்டேன். பானைகளுக்குப் பின்னால் ஒரு தலையணை இருந்தது. சமையலறையில் தலையணை! உறை எல்லாம் பெருங்காய வாசனை.  ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் அவள் அங்கே தரையில் படுத்திருக்கிறாள், அண்ணாச்சி. நான் சாப்பிட்ட மூன்று வேளைச் சுடுசோறும் அப்படி வந்ததுதான். 'வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேனே, அது.

அப்போதுகூட கேட் விஷயம் எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான். பால்காரர் வந்தார், கேட் கிறீச்சிட்டது. நான் அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அரைத் தூக்கம். கண்ணைக்கூடத் திறக்கவில்லை, சத்தம் கேட்டதும் முழங்கையை ஊன்றிவிட்டாள். உடம்பு மேலே வரவில்லை. முழங்கை மட்டும் ஊன்றியபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த முழங்கையை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். நானூறு பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. அது இன்னும் மோசமாகப் போனது. சத்தம் இல்லாததால் நான் எப்போது உள்ளே வருவேன் என்று தெரியாமல் நாள் முழுவதும் விழித்தே கிடந்தாள். இப்போது என்ன செய்கிறேன் என்றால், தெருமுனையில் இருந்தே கத்திக்கொண்டு வருகிறேன். "உலகு, நான்தான், எந்திரிக்காத! உலகு, எந்திரிக்காத!" மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார். "அண்ணாச்சி, பொண்டாட்டிக்குப் பயந்து ஹாரன் அடிச்சிட்டு வாராரு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறாராம். சொல்லட்டும். நான் கத்திக்கொண்டே வந்து கதவைத் திறந்தால் அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது கொஞ்சம் உட்கார முடிகிறது. அதை எனக்குத்தான் முதலில் செலவழிக்கிறாள்.

இல்லை, அவளிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. தலையணையைத் துவைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எப்படிப் பேச்சை எடுப்பது? உங்களிடம் பேசுவது சுலபமாக இருக்கிறது. நீங்கள் கோவில்பட்டிக்குப் போய்விடுவீர்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மறுபடி இங்கே வந்தோம். டாக்டர் ஹம்சவேணி அந்தச் சோதனையை இந்தத் தடவை செய்தார். முதலில் படுக்க வைத்து நாடி பார்த்தார்கள், எழுபத்தாறு. பிறகு சுவரில் சாய்த்து நிற்க வைத்தார்கள். எட்டாவது நிமிடம் நூற்று இருபத்தெட்டு. உதடு நீலம் பாரித்து, சரிந்துவிட்டாள், சிஸ்டர் பிடித்துக்கொண்டார். நாடியை யாராலும் நடிக்க முடியாது இல்லையா? நான் வாழ்நாள் முழுக்கத் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

டாக்டர் ஃபைலைத் திறந்தார். அதில் முதல் தாளே என் மஞ்சள் தாள். "இதுல மறுநாள் இயல்புன்னு இருக்கு. திங்கக்கிழமை போன் குறிப்பு ஆறுலயும் 'தொந்தரவு இல்லை'ன்னு இருக்கு. அம்மா எழுதின வெள்ளைத் தாள்ல ரெண்டு நாள் எந்திரிக்க முடியலைன்னு இருக்கு. எது சார் சரி?"

அவர் மேசைக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கியது. இந்த மாதம் எத்தனை முகூர்த்தம் என்று எண்ணினேன். நாலு.

உலகுதான் பேசினாள். கட்டிலில் படுத்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு. "அவரு வெளிய போயிருப்பாரு டாக்டர். அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

டாக்டர் ஃபைலை மூடினார். அப்புறம் சொன்னார், மருத்துவ விடுப்பு முடியப் போகிறது, பள்ளியில் இருந்து மெடிக்கல் போர்டுக்கு எழுதியிருக்கிறார்கள், போர்டு இந்த ஃபைலைக் கேட்கும். "நாடி ஒரு நாள் கணக்கு. மத்த நாள் எப்படின்னு கூட இருக்கிறவங்க சொன்னதைத்தான் போர்டு பார்க்கும். அது இப்படியே போனா அடுத்த மாசம் வேலையில சேரச் சொல்லிடுவாங்க. சேர்ந்தா இவங்களுக்கு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சேராட்டா வேலை போயிடும். யோசிச்சிட்டு வாங்க, மூணு வாரம் கழிச்சு நான் எழுதணும்."

இன்றைக்குத்தான் அந்த மூன்று வாரம்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். சேரன்மகாதேவி தாண்டியபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "நமக்கு எந்த பேங்க்லங்க கணக்கு?"

நான் பேங்க் பெயரைச் சொன்னேன்.

"சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பேங்க் பெயரைச் சொன்னேன், அண்ணாச்சி. இருபத்தைந்து வருஷமாக அதே பேங்க். அவள் சம்பளமும் அதில்தான் விழுகிறது. அவளுக்குத் தெரியாதா? ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கிளையின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றைக்கு டாக்டர் அறையில் இருந்து வெளியே வரும்போதே சகாயமேரி சிஸ்டரிடம் புதிதாக ஒரு மஞ்சள் தாள் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். மூன்று வாரமாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது, மடிப்பெல்லாம் கிழிய ஆரம்பித்துவிட்டது. இன்று காலை முதல் இந்தப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் வந்து கேட்டீர்கள். யாரிடமாவது கொடுத்துவிட்டால் எழுதாமல் போய்விடலாம், பேனா இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. பார்த்துக்கொள்ளுங்கள், எப்பேர்ப்பட்ட ஆள்.

உங்கள் மகள் கையில் பஞ்சை வைத்துக்கொண்டு வருகிறாள், பாருங்கள். அந்தப் பச்சைத் திரைக்குள் கூட்டிப் போய்ப் படுக்க வையுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஏழாவது கேள்வியை அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பார்க்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

பதினாறு போய்விட்டதா? இவ்வளவு நேரமா பேசினேன்?

இந்தாருங்கள் பேனா. வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தேன். எழுதவில்லை. உள்ளே போய், உலகு படுத்திருக்கும்போதே, அவள் காது கேட்க, டாக்டரிடம் வாயால் சொல்கிறேன்: மஞ்சள் தாளில் இருப்பது தப்பு, ஆறு திங்கள்கிழமையும் போனில் நான் சொன்னது பொய், அது பேங்க் இல்லை.